பிறந்ததும் அழாத குழந்தை வகுப்பறைக்கு வரும்போது

சில ஆண்டுகளுக்கு முன் ஐந்தாம் வகுப்பில் எனக்கு ஒரு மாணவி இருந்தாள். தமிழ்ப் பாடத்தைத் தடங்கலின்றி வாசிப்பாள். வாய்பாடு கேட்டால் சொல்வாள். மாவட்டங்கள், ஆறுகள், தலைநகரங்கள் எல்லாம் தெரியும். ஆனால் காலையில் சொன்ன வீட்டுப்பாடம் மாலையில் நினைவில் இருக்காது. "பக்கத்து வகுப்பு டீச்சரிடம் போய் வண்ணச் சாக்பீஸ் வாங்கி வா" என்று அனுப்பினால் வராந்தாவில் நின்றுகொண்டிருப்பாள். எதற்காக அனுப்பினேன் என்பதே மறந்துபோயிருக்கும். நேற்று வகுப்பில் என்ன செய்தோம் என்று கேட்டால் விழிப்பாள். பென்சில், அளவுகோல், சாப்பாட்டு டப்பா என்று வாரம் ஒன்றாவது தொலைந்துவிடும்.

வாய்பாடு மறக்காத பிள்ளைக்கு வீட்டுப்பாடம் மட்டும் எப்படி மறக்கும்? பொறுப்பில்லை, அக்கறையில்லை என்று நான் முடிவு கட்டினேன். இரண்டு பருவம் அவளைத் திட்டிக்கொண்டே இருந்தேன். பிறகு ஒருநாள் அவளுடைய அம்மாவை வரச்சொல்லிப் பேசினேன். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "இவ பொறந்தப்ப அழவே இல்ல சார். ரொம்ப நேரம் கழிச்சுதான் சத்தம் வந்துச்சு. பத்து நாள் கண்ணாடிப் பெட்டியில வச்சிருந்தாங்க. அப்புறம் எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்லிட்டாங்க."

'பிறந்ததும் அழவில்லை' என்ற சொல்லை நம் பள்ளிகளில் பெற்றோர் பலர் சொல்லக் கேட்டிருப்போம். அதன் பொருள் என்ன, அப்போது மூளையில் என்ன நடக்கிறது, 'சரியாகிவிட்டது' என்றால் எது சரியாகிறது என்பதை அன்று நான் அறிந்திருக்கவில்லை. அதன்பின் படித்தும் மருத்துவர்களிடமும் சிறப்பாசிரியர்களிடமும் கேட்டும் தெரிந்துகொண்டவற்றை இங்கே பகிர்கிறேன்.

அழாத குழந்தைகள் எல்லோருக்கும் பாதிப்பு உண்டா?

இல்லை. இதை முதலில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பிறக்கும் 100 குழந்தைகளில் ஏறக்குறைய 85 பேர் தாமாகவே மூச்சுவிடத் தொடங்குகிறார்கள். இன்னும் 10 பேர், உடலைத் துடைத்து முதுகைத் தேய்த்துவிட்டால் மூச்சு எடுத்துவிடுவார்கள். மீதமுள்ள சிலருக்கே முகத்தில் மூடி வைத்துக் காற்றைச் செலுத்துவது போன்ற உதவிகள் தேவைப்படுகின்றன. அவர்களிலும் பெரும்பாலோர் எந்தக் குறையும் இல்லாமல் வளர்கிறார்கள்.

குழந்தையின் நிலையை மதிப்பிட, அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் வர்ஜீனியா ஆப்கர் 1953-இல் வெளியிட்ட ஒரு முறை இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. இதயத்துடிப்பு, மூச்சு, தசை இறுக்கம், தூண்டலுக்கு எதிர்வினை, தோலின் நிறம் ஆகிய ஐந்துக்கும் தலா 0 முதல் 2 வரை மதிப்பெண். பிறந்த 1-ஆவது நிமிடத்திலும் 5-ஆவது நிமிடத்திலும் கணக்கிடுவார்கள். அந்த மதிப்பெண் அந்த நேரத்து நிலையை மட்டுமே சொல்லும். அதை வைத்து எதிர்காலத்தைக் கணிக்க முடியாது.

உண்மையான ஆபத்து, பிறப்பதற்குச் சற்று முன்போ பிறக்கும்போதோ மூளைக்குப் போகும் ஆக்சிஜனும் இரத்தமும் வெகுவாகக் குறைந்து, அதனால் குழந்தை மயங்கிய நிலைக்கோ வலிப்புக்கோ ஆளாகும்போதுதான். நஞ்சு முன்கூட்டியே கருப்பையிலிருந்து பிரிவது, தொப்புள்கொடி அழுந்துவது, கருப்பை கிழிவது, பிரசவம் வெகுநேரம் நீள்வது எனக் காரணங்கள் பல. வசதி மிகுந்த நாடுகளில் பிறக்கும் 1000 குழந்தைகளில் 1 முதல் 3 பேருக்கு இந்நிலை ஏற்படுகிறது. வசதி குறைந்த நாடுகளில் எண்ணிக்கை இதைவிட அதிகம்.

ஆக்சிஜன் நின்றதும் மூளைக்குள்

வளர்ந்த மனிதரின் மூளை உடல் எடையில் ஏறக்குறைய 2 சதவீதம்தான். ஆனால் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. மூளையால் ஆற்றலைப் பெருமளவில் சேமித்து வைக்க முடியாது. வருகிற வேகத்தில் செலவழிக்கும்.

உயர்நிலை வகுப்புகளில் மைட்டோகாண்ட்ரியாவை 'செல்லின் ஆற்றல் நிலையம்' என்று நடத்துகிறோம். ஆக்சிஜன் இருந்தால் அது குளுக்கோஸிலிருந்து ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறுகளை நிறையத் தயாரிக்கும். நரம்பு செல் அந்த ஆற்றலில் பெரும்பகுதியை ஒரு வேலைக்குச் செலவிடுகிறது: சோடியத்தை வெளியேற்றி, பொட்டாசியத்தை உள்ளே இழுத்து வைப்பது. ஆக்சிஜன் நின்றால் ஆற்றல் நிற்கிறது. ஆற்றல் நின்றால் இந்த இறைப்பு நிற்கிறது. சோடியமும் அதன் பின்னே நீரும் உள்ளே புகுந்து செல் வீங்குகிறது. நரம்பு செல்கள் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளை அளவுமீறி வெளியிடுகின்றன. அது அடுத்த செல்களைத் தூண்டி, கால்சியத்தை உள்ளே பாய வைக்கிறது. அந்தக் கால்சியம் செல்லைச் சிதைக்கும் நொதிகளை முடுக்கிவிடுகிறது.

இதில் பிறந்த குழந்தைக்கு இயற்கை சில பாதுகாப்புகளைத் தந்திருக்கிறது. கருவின் ஹீமோகுளோபின் குறைந்த ஆக்சிஜனையும் இறுகப் பற்றிக்கொள்ளும். பிறந்த குழந்தையின் மூளைக்குத் தேவைப்படும் ஆற்றலும் வளர்ந்தவர்களைவிடக் குறைவு. எனவேதான் வளர்ந்தவர் தாங்காத நேரத்தைக்கூடப் பச்சிளங்குழந்தை தாங்கிவிடுகிறது. ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு.

பாதிப்பு இரண்டு முறை வருகிறது

மூச்சு திரும்பி, இதயம் சீராகி, தோல் சிவந்துவிட்டால் ஆபத்து முடிந்தது என்றுதான் நாம் நினைப்போம். மருத்துவர்களும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்தார்கள். 1980-களில் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆஸ்மண்ட் ரேனால்ட்ஸ் தலைமையிலான குழுவினர், காந்தப்புலத்தைப் பயன்படுத்தி, குழந்தையின் மூளையில் உள்ள ஆற்றல் மூலக்கூறுகளை வெளியிலிருந்தே அளக்கத் தொடங்கினர். அப்போது எதிர்பாராத ஒன்று தெரிந்தது. பிறப்பின்போது மூச்சுத் திணறிய குழந்தைகளில் பலருக்கு முதல் சில மணி நேரத்தில் மூளையின் ஆற்றல் இயல்பாகவே இருந்தது. பிறகு, ஒரு நாள் கழியும்போது, இரத்தமும் ஆக்சிஜனும் நன்றாகக் கிடைத்துக்கொண்டிருந்தபோதே, ஆற்றல் மீண்டும் சரிந்தது.

முதல் சரிவுக்குக் காரணம் ஆக்சிஜன் இன்மை. இரண்டாவது சரிவு உள்ளிருந்து வருகிறது. மூச்சு திரும்பியபோது பல செல்கள் பிழைத்துக்கொள்கின்றன. ஆனால் அவற்றின் மைட்டோகாண்ட்ரியா பழுதுபட்டுவிட்டது. தீங்கான வேதிப்பொருள்கள் சேர்கின்றன, அழற்சி தொடங்குகிறது, செல்லுக்குள் தன்னையே அழித்துக்கொள்ளும் திட்டம் இயங்கத் தொடங்குகிறது. வலிப்பும் பெரும்பாலும் இந்த நேரத்தில்தான் வரும்.

இரண்டு சரிவுகளுக்கும் நடுவே ஏறக்குறைய ஆறு மணி நேரம் அமைதியாக இருக்கிறது. அந்த நேரத்தில் ஏதாவது செய்தால் இரண்டாவது சரிவைக் குறைக்கலாம் அல்லவா? இந்தக் கேள்வியிலிருந்துதான் ஒரு சிகிச்சை பிறந்தது.

குளிர்விக்கும் சிகிச்சை: நன்மையும் எல்லையும்

பச்சிளங்குழந்தையைக் கதகதப்பாக வைத்திருக்க வேண்டும் என்பது பாட்டிமார் முதல் மருத்துவர் வரை எல்லோரும் சொல்வது. அதற்கு நேர்மாறாக, பிறந்த 6 மணி நேரத்துக்குள் குழந்தையின் உடல் வெப்பநிலையை 33 முதல் 34 டிகிரி செல்சியஸுக்குக் குறைத்து, 72 மணி நேரம் அப்படியே வைத்து, பிறகு மிக மெதுவாகச் சூடேற்றுவதுதான் இச்சிகிச்சை. குளிர்ச்சியில் செல்லின் ஆற்றல் தேவை குறைகிறது, குளூட்டமேட் வெளியேறுவது குறைகிறது, தன்னழிவுத் திட்டம் மட்டுப்படுகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இடைவிடாத கண்காணிப்பில் மட்டுமே செய்யக்கூடியது இது. வீட்டில் எந்தக் குழந்தையையும் குளிரவிடக் கூடாது.

2005-இலிருந்து வெளிவந்த பெரிய ஆய்வுகள் இது பயன் தருவதைக் காட்டின. அவற்றைத் தொகுத்துப் பார்த்தபோது, 7 குழந்தைகளுக்கு இச்சிகிச்சை அளித்தால் ஒருவர் இறப்பிலிருந்தோ பெரும் குறைபாட்டிலிருந்தோ கூடுதலாகக் காப்பாற்றப்படுகிறார் என்று தெரிந்தது. பிரிட்டனை மையமாகக் கொண்ட 'டோபி' ஆய்வுக் குழந்தைகளை 6, 7 வயதில் மீண்டும் பரிசோதித்தார்கள். உயிர்பிழைத்து, நுண்ணறிவு ஈவு 85 அல்லது அதற்கு மேல் பெற்றவர்கள், குளிர்விக்கப்பட்ட குழுவில் 52 சதவீதம். மற்றக் குழுவில் 39 சதவீதம். முன்னேற்றம் உண்மையானது. அதே வேளையில், சிகிச்சை பெற்றும் ஏறக்குறைய பாதிப்பேர் அந்த நிலையை எட்டவில்லை என்பதையும் இதே எண் சொல்கிறது.

நம் பகுதியில் கிடைத்த முடிவு வேறு மாதிரி இருந்தது. இந்தியா, இலங்கை, வங்காளதேசம் ஆகிய நாடுகளின் 7 பெரிய மருத்துவமனைகளில் 408 குழந்தைகளைக் கொண்டு நடந்த 'ஹீலிக்ஸ்' ஆய்வு 2021-இல் வெளியானது. சென்னையும் அதில் பங்கேற்றது. இங்கே குளிர்விப்பு பெரும் குறைபாட்டையோ இறப்பையோ குறைக்கவில்லை. குளிர்விக்கப்பட்டவர்களில் 42 சதவீதம் பேரும் மற்றவர்களில் 31 சதவீதம் பேரும் இறந்திருந்தனர். நம் பகுதிக் குழந்தைகள் பலருக்குப் பாதிப்பு பிரசவ அறைக்கு வருவதற்கு முன்பே தொடங்கியிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கங்களுள் ஒன்று. ஓரிடத்தில் பலித்த சிகிச்சையை வேறோரிடத்தில் அப்படியே பின்பற்றிவிட முடியாது என்பதை இது உணர்த்துகிறது. இதே போல் எரித்ரோபொயட்டின் என்ற மருந்தைக் குளிர்விப்போடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்விலும் கூடுதல் பயன் இல்லை என்று 2022-இல் தெரியவந்தது.

ஆகவே, பாதிக்கப்பட்ட மூளையை மருந்தால் மட்டும் முழுதாக மீட்கும் வழி இன்னும் இல்லை. மருத்துவமனை உயிரைக் காத்து, சேதத்தை இயன்றவரை குறைத்து அனுப்புகிறது. மீட்சியின் மீதிப் பகுதி வீட்டிலும் அங்கன்வாடியிலும் பள்ளியிலும்தான் நடக்கிறது.

எந்தப் பகுதி அடிபடுகிறது?

ஆக்சிஜன் குறைந்தால் மூளை முழுவதும் ஒரே அளவில் பாதிக்கப்படுவதில்லை. ஆக்சிஜன் திடீரென்று, கிட்டத்தட்ட முழுவதுமாக நின்றால், மூளையின் ஆழத்தில் உள்ள, உடல் அசைவுகளைச் சீராக்கும் பகுதிகள் அதிகம் அடிபடுகின்றன. அத்தகைய குழந்தைகளுக்கு மூளை முடக்குவாதம் வரலாம். தலை நிற்பதும் உட்காருவதும் தாமதமாவதால் முதல் ஆண்டுகளிலேயே கண்டுகொள்ள முடியும்.

ஆக்சிஜன் நீண்டநேரம் அரைகுறையாகக் கிடைத்திருந்தால் கதை வேறு. இரண்டு பெரிய இரத்தக் குழாய்களின் எல்லைகள் சந்திக்கும் இடங்கள் அப்போது பாதிக்கப்படுகின்றன. வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் கடைமடை வயல்தானே முதலில் காய்கிறது? அதுபோல. இக்குழந்தைகள் உரிய வயதில் நடப்பார்கள், ஓடுவார்கள். மொழி, கவனம், கணக்கு, திட்டமிடல் ஆகியவற்றில் உள்ள சிக்கல் பள்ளிக்கு வந்தபின்தான் தெரியவரும்.

இவற்றோடு, ஆக்சிஜன் குறைவைத் தாங்க முடியாத இன்னொரு பகுதி ஹிப்போகாம்பஸ். காதுகளுக்கு நேர் உள்ளே, இருபுறமும் சிறிய கடற்குதிரை வடிவில் இருக்கும் இது, அன்றாட நிகழ்வுகளை நினைவாக மாற்றும் இடம்.

லண்டனில் மூன்று பிள்ளைகள்

1997-இல் லண்டன் குழந்தைகள் நல ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஃபரானே வர்கா-காதெமும் அவர் குழுவினரும் மூன்று இளையோரைப் பற்றி வெளியிட்ட ஆய்வு, ஆசிரியர்கள் எல்லோரும் அறிய வேண்டியது. மூவருக்கும் சிறுவயதிலேயே ஹிப்போகாம்பஸ் பாதிக்கப்பட்டு, இயல்பான அளவில் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கியிருந்தது. அவர்களில் ஒரு சிறுமி, கடினமான பிரசவத்தில் பிறந்தபோது பல நிமிடங்கள் இதயத்துடிப்பு இல்லாமல் இருந்து மீட்கப்பட்டவள். முதல் நாளில் வலிப்பு வந்தது. இரண்டு வாரங்களில் உடல்நிலை சீரானது. பிறகு எல்லாக் குழந்தைகளையும் போல வளர்ந்தாள். குறை வெளிப்பட்டது ஐந்து வயதில், அவள் பள்ளியில் சேர்ந்தபோதுதான்.

மூவரும் எதையெல்லாம் மறந்தார்கள்? போகும் வழி, பொருளை வைத்த இடம், வரவேண்டிய நேரம், அன்று பேசிய பேச்சு, பார்த்த நிகழ்ச்சி. தனியே விட்டுவிட்டால் ஒரு நாளை ஒழுங்காகக் கழிக்க முடியாத அளவுக்கு மறதி. ஆனால் மூவரும் சாதாரணப் பள்ளியிலேயே படித்தார்கள். வாசிக்கவும் எழுதவும் கற்றார்கள். சொற்களின் பொருளும் பொது அறிவும் சராசரிக்கு நெருக்கமாக இருந்தன.

நினைவு என்பது ஒரே பெட்டி அல்ல என்பதை இந்த ஆய்வு காட்டியது. 'தஞ்சாவூர்ப் பெரிய கோவிலைக் கட்டியவர் முதலாம் இராசராசன்' என்பது செய்தி நினைவு. 'போன மாதம் சுற்றுலா சென்றபோது கோவில் வாசலில் மழை பெய்தது' என்பது நிகழ்வு நினைவு. இரண்டாவதற்கு ஹிப்போகாம்பஸ் இன்றியமையாதது. முதலாவதை, திரும்பத் திரும்பக் கேட்டால், மூளையின் மற்றப் பகுதிகளின் துணையோடு பெருமளவு பெற்றுவிட முடிகிறது.

இதைப் படித்தபோது என் மாணவியின் முகம்தான் நினைவுக்கு வந்தது. அவளுக்கு இருப்பது இதுதான் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அது மருத்துவரின் பணி. ஆனால் வாய்பாடு தெரிந்த பிள்ளைக்கு வீட்டுப்பாடம் மறக்க முடியும் என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன். தினமும் சொன்ன வாய்பாடு அவளிடம் தங்கியது. ஒருமுறை மட்டும் சொன்ன வீட்டுப்பாடம் தங்கவில்லை. நான் அதைப் பொறுப்பின்மை என்று பெயரிட்டிருந்தேன்.

இளம் மூளை எப்படி மீள்கிறது?

இறந்த நரம்பு செல்களுக்குப் பதில் புதிய செல்கள் பெரிய அளவில் முளைப்பதில்லை. மீட்சி வேறு வழியில் நடக்கிறது. பிறந்த குழந்தையின் மூளையில் செல்களுக்கிடையிலான இணைப்புகள் பெருகிக்கொண்டே இருக்கின்றன. தேவைக்கு மேல் உருவாகின்றன. பயன்படும் இணைப்புகள் வலுப்பெற, பயன்படாதவை நீக்கப்படுகின்றன. நரம்பிழைகளைச் சுற்றி மையலின் உறை படிந்து செய்திகள் வேகமாகச் செல்கின்றன. இந்த வேலை பதின்பருவம் தாண்டியும் நடக்கிறது. கட்டி முடிக்காத வீட்டில் ஒரு சுவர் இடிந்தால் வரைபடத்தை மாற்றிக் கட்டலாம் அல்லவா? அதைத்தான் இளம் மூளை செய்கிறது.

கைகளை எடுத்துக்கொள்வோம். பிறந்த காலத்தில் மூளையின் ஒவ்வொரு பக்கமும் இரண்டு கைகளுக்கும் நரம்புப் பாதை அனுப்புகிறது. நாளடைவில் எதிர்ப்பக்கக் கைக்குச் செல்லும் பாதை வலுவடைகிறது; மற்றது மெலிகிறது. எந்தப் பாதை பயன்படுகிறதோ அது நிலைக்கிறது. அதனால்தான் ஒரு கை பலவீனமான குழந்தையை அந்தக் கையாலேயே விளையாட வைக்கும் பயிற்சிகளை இயன்முறை மருத்துவர்கள் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் தொடங்கச் சொல்கிறார்கள்.

ஆனால் 'சின்ன வயசுதானே, தானாகச் சரியாகிவிடும்' என்ற நம்பிக்கைக்கு இங்கே இடமில்லை. மூளையின் ஒரு பக்கத்தில் ஓரிடத்தில் மட்டும் சேதம் என்றால், மறுபக்கம் அந்த வேலையை ஏற்றுக்கொள்ள வாய்ப்பு அதிகம். ஆக்சிஜன் குறைவோ பெரும்பாலும் இருபுறமும் பாதிக்கிறது. அப்போது வேலையை ஒப்படைக்க மறுபக்கமும் முழு நலத்தோடு இருக்காது. இளம் மூளைக்கு மாற்றியமைத்துக்கொள்ளும் திறன் அதிகம். இனிமேல் கற்க வேண்டியவையும் அதற்கு அதிகம். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மூன்றாம் வகுப்பில் ஏன் தெரிகிறது?

'ஒன்றாம் வகுப்பில் நன்றாகத்தான் படித்தான், இப்போது என்னவோ ஆகிவிட்டது' என்று சில பெற்றோர் சொல்வார்கள். குழந்தை பின்னோக்கிப் போய்விட்டதாகத் தோன்றும். பெரும்பாலும் நடந்தது வேறு. பாடம் கேட்கும் திறன்கள் மாறியிருக்கின்றன. எழுத்தைப் பார்த்துச் சொல்வதற்கு ஒரு திறன் போதும். இனமாற்றிக் கழிக்கும்போது ஒரு படியை மனத்தில் வைத்துக்கொண்டே அடுத்த படியைச் செய்ய வேண்டும். பத்தியைப் படித்துக் கருத்தைச் சொல்ல, முதல் வரியைக் கடைசி வரிவரை பிடித்திருக்க வேண்டும். அந்தப் பகுதியிடம் மூளை அதுவரை பெரிய வேலை கேட்கவில்லை. கேட்டபோது குறை தெரிகிறது.

இங்கிலாந்தின் பிரிஸ்டலில் நடந்த ஒரு சிறிய ஆய்வும் இதையே காட்டியது. குளிர்விக்கும் சிகிச்சை பெற்று, மூளை முடக்குவாதம் இல்லாமல் வளர்ந்த குழந்தைகளை 6 முதல் 8 வயதில் மற்றக் குழந்தைகளோடு ஒப்பிட்டபோது, அறிதிறனிலும் உடல் இயக்கத் திறனிலும் அவர்கள் பின்தங்கியிருந்தார்கள். கைக்குழந்தைப் பருவத்தில் 'குறை இல்லை' என்று சொல்லப்பட்டாலும், பள்ளி வயதிலும் அவர்களைக் கவனித்து வர வேண்டும்.

வகுப்பறையில் நாம் செய்யக்கூடியவை

பின்வருபவை காரணம் எதுவானாலும் மறதியும் வேகக் குறைவும் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் பயன்படும். பெரிய செலவும் இல்லை.

ஒரு நேரத்தில் ஒரே கட்டளை. 'புத்தகத்தை எடு, 42-ஆம் பக்கத்தைத் திற, மூன்றாவது கணக்கைப் போடு' என்று ஒரே மூச்சில் சொல்லாமல், ஒன்று முடிந்தபின் அடுத்ததைச் சொல்லலாம்.

எழுதிக் கொடுப்பது. வீட்டுப்பாடத்துக்கென்று ஒரு சிறு நோட்டு. அதை எழுதிவிட்டாளா என்று மணியடிக்கும் முன் பார்க்க வேண்டும். மேசை மேல் அன்றைய பாடவேளை அட்டை. வெளியே அனுப்பும்போது கையில் ஒரு துண்டுச் சீட்டு.

இடம் மாறாமை. உட்காரும் இடம், பையை வைக்கும் இடம், வகுப்பின் நடைமுறை ஆகியவை அடிக்கடி மாறாமல் இருந்தால், நினைவின் சுமையைப் பழக்கம் தாங்கிக்கொள்ளும்.

இடைவெளி விட்டு மீள்பார்வை. ஒரே நாளில் பத்துமுறை சொல்வதைவிட, இன்று, நாளை, அடுத்த வாரம் என்று பிரித்துச் சொல்வது நன்றாகத் தங்குகிறது. 'நேற்று என்ன பார்த்தோம்?' என்று வெறுமனே கேட்பதைவிட, படத்தையோ முதல் சொல்லையோ காட்டிக் கேட்கலாம்.

கூடுதல் நேரம். விடை தெரிந்தும் எழுதி முடிக்க முடியாத பிள்ளைக்கு வினாக்களைக் குறைக்கலாம் அல்லது நேரத்தைக் கூட்டலாம்.

வலிப்பின் சிறு அடையாளங்களைக் கவனிப்பது. பேசிக்கொண்டிருக்கும்போதே சில நொடிகள் வெறித்துப் பார்த்து, கூப்பிட்டாலும் கேட்காமல், பிறகு தொடர்ந்தால் அது பகற்கனவு அல்லாமல் வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம். நாள், நேரம் குறித்து வைத்துப் பெற்றோரிடம் சொல்லுங்கள். கை கால் இழுக்கும் வலிப்பு வந்தால் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, சுற்றியுள்ள பொருள்களை அகற்றி, நேரத்தைக் கவனியுங்கள். கையில் இரும்புச் சாவி கொடுப்பதோ வாயில் எதையாவது திணிப்பதோ கூடாது. 5 நிமிடம் தாண்டினால் 108-ஐ அழைக்க வேண்டும்.

பெற்றோரிடம் பேசுவதும் வழிகாட்டுவதும்

பிரசவம் பற்றிய கேள்வி ஒரு தாயின் உள்ளத்தில் ஆறாத இடத்தைத் தொடக்கூடும். 'நான் அன்று சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால்' என்று ஆண்டுக்கணக்கில் தன்னையே நொந்துகொண்டிருப்பவர்கள் உண்டு. வீட்டில் குற்றஞ்சாட்டும் குரலும் இருக்கலாம். எனவே தனியாக, பொறுமையாகப் பேச வேண்டும். மூளை முடக்குவாதத்துக்கும் கற்றல் சிக்கலுக்கும் காரணங்கள் பல. பிரசவத்தின்போது ஆக்சிஜன் குறைவது அவற்றுள் ஒன்று மட்டுமே. நாமே காரணத்தைத் தீர்மானிக்கவும் கூடாது, குறைபாட்டுக்குப் பெயரும் சூட்டக் கூடாது. கேட்ட செய்தியை ஆசிரியர் அறையில் பரப்பவும் கூடாது.

நாம் கவனித்ததை நாள்வாரியாக ஒரு பக்கத்தில் எழுதி, வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் கொடுக்கலாம். ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய கார்யக்ரம் என்ற தேசியத் திட்டத்தின்கீழ் பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவினரிடம் காட்டலாம். 2013-இல் தொடங்கிய இத்திட்டம் பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்கானது. தேவைப்படும் பிள்ளைகளை அவர்கள் மாவட்ட அளவிலான தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்குப் பரிந்துரைப்பார்கள். 'தொடக்கநிலை' என்ற பெயரைப் பார்த்து, பெரிய பிள்ளைக்கு அங்கே இடமில்லை என்று எண்ண வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 குறிப்பிடும் 21 வகைகளில் மூளை முடக்குவாதமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளும் உண்டு. உரிய சான்று பெற்ற மாணவர்களுக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் கிடைக்கும். பத்தாம் வகுப்பில் அவசரப்படாமல் இருக்க, இந்த வேலையை ஐந்தாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுவது நல்லது.

என் மாணவியின் அம்மாவிடம் அன்று நான் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். அடுத்த நாள் ஒரு சிறு நோட்டு வாங்கி அவளிடம் கொடுத்தேன். அதைக் கயிற்றில் கோத்து, பையோடு கட்டிக்கொண்டாள். ஒவ்வொரு மாலையும் எழுதியதை என்னிடம் காட்டிவிட்டுப் போவாள். மறதி போய்விடவில்லை. ஆனால் அந்தப் பருவம் முழுவதும் வீட்டுப்பாடம் இல்லாமல் அவள் வந்தது நான்கு நாள்தான். அந்த நான்கு நாளும் நோட்டைப் பார்க்க மறந்தது நான்.